ஆவணமும் உரிமையும்

'ஆவணம்' என்னும் சொல்லுக்கு நம் அகராதிகள் பல பொருள் கூறும். கடைவீதி என்பது ஒன்று. அடிமை என்பது ஒன்று. உரிமை என்பது ஒன்று. அவ்வுரிமையைக் காட்டும் ஓலை அல்லது பத்திரம் என்பது மற்றொன்று. கடைவீதியை ஈண்டு விடுப்போம். உரிமைக்கும் உரிமையை எழுதிய தாளுக்கும் ஒரே பெயர் வாய்த்த காரணத்தைச் சொல்லாராய்ச்சி வல்லார் காண்பாராக. சொல்லளவில் ஒன்றாய் நிற்கும் இவ்விரண்டும் உலகியலிலும் ஒன்றே என நம்மவருட் பலர் எண்ணிவிடுகின்றனர். "பத்திரம் பதிந்தாயிற்று, இனி நிலம் நம்முடையது" என்று மனநிறைவோடு வீடு திரும்புவார் எத்துணையர்! பதிவு அலுவலகத்தில் ஒரு நிலப்பத்திரத்தைக் கொடுக்குங்கால் ஆங்கு நிகழ்வது யாது, நிகழாதது யாது என்பதை அறிதல் சட்டம் பயில்வார்க்கு மட்டும் உரியதன்று. கால் காணி நிலமேனும் உடைய குடும்பத்துப் பிள்ளைகள் அனைவர்க்கும் அது வேண்டுவதேயாம்.

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தைக் கற்பார் பலரும் அதனைப் பத்திச் சுவை கருதியே கற்பர். அதனுள் ஆவணத்தை ஆராயும் முறையொன்று மிக நுட்பமாக அமைந்திருத்தலைத் தமிழ் மாணாக்கர் கூர்ந்து நோக்கல் வேண்டும். மணப்பந்தரில் வந்து நின்ற முதியவர், நம்பியாரூரரின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஆளோலையைக் காட்டுகின்றார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். கிழிபட்டது படியோலை, மூலவோலை முதியவரிடத்தே இருக்கின்றது. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் அனுபவம், எழுத்து, அயலார் சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் வழக்கை நிலைநாட்டுமாறு கேட்க, மூலவோலை அவையில் வருகின்றது. கரணத்தான் அதனைப் படிக்கின்றான். கையெழுத்திட்ட சாட்சிகள் தம் எழுத்தென ஒப்புகின்றனர். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டெழுத்தையும் ஒத்துப் பார்க்கின்றனர். மூலமும் படியும் வேறு வேறாக வைத்தல், எழுதினார் இன்னார் என உறுதி செய்தல், பழைய எழுத்துகளைக் காப்பிடத்திற் பேணுதல் ஆகிய இவை யாவும் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர்க்கும் அவர் நூலைக் கேட்டார்க்கும் பழகிய செய்திகள் என்பது இதனாற் போதரும். சோழர் கல்வெட்டுகளில் நிலவிற்பனையோடு ஆவணக்களரி என்னும் இடம் குறிக்கப்பெறுதலும் இதற்குத் துணையாகும்.

விவிலியத்திலும் இதற்கு ஒப்பானதோர் இடம் உண்டு. எரேமியாவின் ஆகமம் முப்பத்திரண்டாம் அதிகாரத்தில், எருசலேம் பாபிலோனியரால் முற்றுகையிடப்பட்டிருக்கின்றது. தீர்க்கதரிசியோ காவலில் அடைபட்டிருக்கின்றார். அந்நிலையில் அவர் தம் தந்தையின் உடன்பிறந்தார் மகனாகிய அனாமெயேலிடமிருந்து ஆனதோத்தில் உள்ள நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகின்றார். பத்திரம் எழுதிச் சாட்சிகளை வைத்து வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கின்றார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டும் நெடுநாள் கெடாதிருக்குமாறு மட்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. பகைவர் கைப்படப்போகும் நிலத்துக்கு இத்துணை ஒழுங்காகப் பத்திரம் செய்தவர் வேறு யாரும் இருந்திலர் போலும்! ஆங்கு அரசின் பதிவு அலுவலகம் இல்லை, மட்பாண்டமே காப்பிடம்.

நம் நாட்டில் இற்றைப் பதிவு முறைக்கு வித்திட்டது 1864 ஆம் ஆண்டின் சட்டம். பன்முறை திருத்தியமைக்கப்பட்டு, இறுதியில் 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமாக நிலைபெற்றது. நிலத்தைத் தானமாகக் கொடுக்கும் பத்திரமும், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை மாற்றும் பத்திரமும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரமும் கட்டாயம் பதியப்படல் வேண்டும் என்பது அதன் 17 ஆம் பிரிவு. பதியாது விட்டால் அப்பத்திரம் நிலத்தைத் தொடாது என்பது 49 ஆம் பிரிவின் கருத்து. நூறு ரூபாய் என்பது அக்காலத்துக்கு ஒரு தொகை. இக்காலத்தில் அவ்விலைக்கு ஒரு முழ நிலமும் கிடையாதாகலின், விற்பனை யாவும் பதிவுக்குரியனவே என்று கொள்ளலாம்.

இனி, தாளை ஆயத்தஞ் செய்தலைக் காண்போம். பெருவழக்குகள் பல முளைப்பது இவ்விடத்திலேதான் என்பது எம் கருத்து. எழுதிக் கொடுப்பவர்க்கு நிலம் எவ்வாறு வந்தது என்பதை முதலிற் சொல்லல் வேண்டும். அதற்குரிய மூலப் பத்திரத்தையும், அதற்கு முந்திய பத்திரங்களையும் வாங்குவோர் தாமே கண்ணாற் காண்டல் வேண்டும்; படியைக் கண்டு மனநிறைவு அடைதல் கூடாது. மூலம் கொடுப்பவர் கையில் இல்லையெனின், அஃது எங்கோ கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டிருத்தலும் கூடும். அடுத்து, நிலத்தின் அடையாளம். புல எண், பரப்பு, நான்கெல்லை என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் வேண்டும். "கிழக்கே இன்னார் தோட்டம்" என்று எழுதுவது பழைய வழக்கு. அவ்வின்னார் இறந்து, தோட்டம் மூவர்க்குப் பங்காகி, ஒருவர் தம் பங்கை விற்றுவிட்டபின் அவ்வெல்லை எதனைக் காட்டும்? ஆதலின் எல்லையை எழுதுங்கால் பெயரோடு புல எண்ணையும் சேர்த்தெழுதுதல் நலம். சொத்தை அறிந்துகொள்ளுதற்குப் போதிய விவரம் இல்லாத பத்திரத்தை ஏற்றல் ஆகாதென்று 21 ஆம் பிரிவு விதிக்கின்றது. அடித்தல், திருத்தல், வரிக்கிடையே எழுதுதல், வெற்றிடம் விடுதல் ஆகிய இவற்றுள் எஃது இருப்பினும் எழுதிக் கொடுத்தவர் அவ்விடத்தே கையொப்பமிட்டுச் சான்று கூறல் வேண்டும். இன்றேல் பதிவாளர் மறுக்கலாம். எழுத்தர் பிழையை நூற்பதிப்பில் பாடவேறுபாடு எனப் பேசி மகிழும் நம்மனோர், நிலப்பத்திரத்தில் ஒரு 'கால்' 'அரை' ஆயின் விளைவதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இத்தாளை எழுதிய நாளிலிருந்து நான்கு திங்களுக்குள் அலுவலகத்திற் கொணர்தல் வேண்டும். தவிர்க்கவியலாக் காரணத்தால் அது கடந்துவிடின், மேலும் நான்கு திங்கள் வரை தண்டப்பணத்தோடு ஏற்கப்படலாம். அத்தண்டம் பதிவுக் கட்டணத்தின் பத்து மடங்குக்கு மேற்படாது. நிலம் முழுவதுமோ அதன் ஒரு பகுதியோ எந்தச் சார்பதிவாளரின் எல்லைக்குள் அமைந்துள்ளதோ அவரிடத்திலேயே கொணர்தல் வேண்டும் என்பது பொதுவிதி. எழுதிக் கொடுத்தவரோ, எழுதி வாங்கினவரோ, அவர்தம் பிரதிநிதியோ, முறைப்படி அதிகாரம் பெற்ற முகவரோ கொடுக்கலாம். நோயால் நடக்கவியலாதாரும் சிறையிலிருப்பாரும் நேரில் வரவேண்டுவதில்லை. அலுவலரே அவரிருக்குமிடம் செல்லவோ ஆள் அனுப்பி விசாரிக்கவோ சட்டம் இடந்தருகின்றது. 2001 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின் இருதிறத்தாரின் புகைப்படமும் விரல்ரேகையும் பத்திரத்தில் இடம்பெறல் வேண்டும். தாள் கொடுக்கப்பட்ட நாளும் நேரமும் இடமும் அதன்மீதே எழுதப்படும். கொடுத்தவர்க்கு இரசீது தரப்படும்.

பின்னர்ப் பதிவாளர் கேட்கும் கேள்விகள் மிகச் சில. பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டது உண்மைதானா? முன்னே நிற்பவர் அவர்தாமா? அவர் இளையரோ, சித்தங் கலங்கியவரோ? எழுதிக் கொடுத்தவர் "நான் எழுதிக் கொடுக்கவில்லை" என்று மறுப்பாராயின் பதிவும் மறுக்கப்படும். அதற்குரிய காரணம் இரண்டாம் புத்தகத்தில் எழுதப்படும். மேல் அலுவலரிடம் முறையிடவும் வழியுண்டு.

எம் பாட்டியார் தம் இளைய மகளாகிய எம் அத்தைக்கு ஒரு தோட்டத்தை எழுதிக் கொடுத்தபோது யாமும் உடன் சென்றிருந்தோம். அவர் எழுத்தறியாதவர். "இதை எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே, அம்மா?" என்று அலுவலர் வினவினார். "நான்தான் ஐயா, கிணற்றை எப்படி எழுதியிருக்கிறார்கள்? அதை ஒரு தரம் படிக்கச் சொல்லுங்கள்" என்றார் பாட்டியார். படித்தபோது 'கிணற்றில் அரைப் பங்கு' என்றிருந்தது. பாட்டியார்க்கு உரியதோ காற்பங்கே. எஞ்சிய முக்காலும் பாட்டனாரின் உடன்பிறந்தார் வழியினர்க்கு உரியது. பத்திரம் எழுதியவர் பழைய பத்திரமொன்றை முன்வைத்து எழுதியதால் நேர்ந்த தவறு அது. அலுவலர் சினவாது, "அரையா காலா என்பது எனக்குத் தெரிய வழியில்லை, அம்மா. நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் நான் அரை என்றே பதிந்திருப்பேன். திருத்தி எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று தாளைத் திருப்பித் தந்தார். பெருவிரல் ரேகை வைக்கும் கிழவி ஒருத்தி கேட்ட கேள்வியால் இரண்டு குடும்பங்களின் பகை தவிர்ந்தது. அன்று யாம் கேட்ட அவ்வலுவலரின் சொல்லில் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கின்றது. அரை என்று பதிந்திருப்பினும் அத்தைக்குக் கிணற்றில் சென்றிருப்பது காலே; தமக்கு இல்லாததை ஒருவர் பிறர்க்குக் கொடுத்தல் ஒல்லாது. ஆனால் தாள் என்றென்றும் அரை என்றே பேசிக்கொண்டிருக்கும்.

பதிந்த பத்திரம் முதற்புத்தகத்திற் சேரும். மூன்றாம் புத்தகம் உயில்களுக்கும், நான்காம் புத்தகம் பிறவற்றுக்கும் உரியவை. முன்னாளில் எழுத்தர் பத்திரம் முழுவதையும் கையாற் பெயர்த்தெழுதுவர். இந்நாளில் தமிழ்நாட்டு அலுவலகங்களில் கணிப்பொறி அதன் நிழலைப் பதித்துக்கொள்கின்றது. மூலம், பதிவெண்ணும் அலுவலக முத்திரையும் பெற்று, உரியவரிடமே திரும்புகின்றது. திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் மூலமும் படியும் வேறு வேறாக இருந்ததுபோல, இங்கும் மூலம் நம்மிடத்தும் படி அரசினிடத்தும் உள்ளன என்க. முதற்புத்தகத்தை எவரும் கட்டணஞ் செலுத்திப் பார்வையிடலாம். அதன் அட்டவணைகளைத் தேடி எடுத்துத் தருவதே வில்லங்கச் சான்று.

அச்சான்றையும் அளவறிந்து நம்புதல் வேண்டும். பதியப்பட்டவற்றையே அது காட்டும். தந்தை இறந்த அக்கணமே மக்கட்கு வந்துற்ற உரிமையை அது காட்டாது. இறப்பு பதிவு அலுவலகத்தில் நிகழ்வதன்றே. தம்பி தனியே நின்று விற்கும் நிலத்தில், மணமாகிப் பிறவூர் சென்ற தமக்கைக்குப் பங்குண்டு என்பது எப்புத்தகத்திலும் இராது. பத்திரம் செம்மையாக இருக்கும். முத்திரைத் தீர்வை முழுதும் செலுத்தப்பட்டிருக்கும். சான்றில் வில்லங்கம் ஒன்றும் தோன்றாது. பத்தாண்டு கழித்துத் தமக்கையின் மகன் வந்து நிற்பான். பட்டாவும் அங்ஙனமே, அது வருவாய்த் துறையினர் வரி பெறுதற்பொருட்டு வைத்த கணக்கு. உரிமைக்கு அஃதொரு துணைச் சான்றாகலாமேயன்றி, உரிமையே ஆகாது.

இக்குறையைப் போக்கவே 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55அ என்னும் விதி சேர்க்கப்பட்டது. முந்திய மூலப் பத்திரத்தைக் காட்டாவிடின் பதிதல் கூடாது என்பது அதன் நோக்கு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கொடுப்பவர்க்கு உரிமை உண்டா என ஆராயும் அதிகாரத்தை 1908 ஆம் ஆண்டின் சட்டம் பதிவாளர்க்குத் தரவில்லையாகலின், அவ்விதி செல்லாதெனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சிலர்க்கு வியப்பளித்தது. சட்டத்தின் அமைப்பை நோக்கின் வியப்பொன்றுமில்லை. அரசு சட்டத்தைத் திருத்திப் பழைய தாள்களைக் காட்டுமாறு கேட்பினும், காட்டிய தாளைக் கண்டமையே உரிமையைத் தீர்த்தமை ஆகாது. அது நீதிமன்றத்தின் தொழில்.

இதற்கு மாறாக, உரிமையையே பதியும் முறையொன்றும் உலகில் உண்டு. தென் ஆஸ்திரேலியாவில் சர் இராபர்ட்டு டாரன்சு என்பார் முயன்று 1858 ஆம் ஆண்டில் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தார். அவர் அடிலெயிடில் சுங்க அலுவலராக இருந்தவர். கப்பலின் உடைமையாளர் பெயர் ஒரு பதிவேட்டில் இருப்பதும், கப்பல் கைமாறுங்கால் ஏட்டில் பெயர் மாறுவதும் அவர்க்குப் பழக்கம். நிலத்தையும் அங்ஙனம் செய்யலாகாதா என்று எண்ணினார். அம்முறையில் பழைய பத்திரங்களைக் கோவையாகக் கட்டிவைத்து ஆராய வேண்டுவதில்லை. ஏட்டில் எவர் பெயருளதோ அவரே, வஞ்சனை முதலிய சில விலக்குகள் நீங்கலாக, உரியவர். ஏட்டின் பிழையால் நிலமிழந்தார்க்கு ஈடுகட்டவும் நிதியொன்று அமைக்கப்பட்டது. ஆங்கு அலுவலகத்திற் கொடுக்கும் தாள் உரிமையைக் காட்டும் தாளன்று. ஏட்டை மாற்றுமாறு வேண்டும் விண்ணப்பமே. உரிமையாளரிடம் ஏட்டின் படியாகச் சான்றிதழ் ஒன்று இருந்துவந்தது. நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் 2021 அக்டோபரில் அக்காகிதச் சான்றிதழும் செல்லாததாக்கப்பட்டு, ஏடு மட்டுமே நிற்கின்றது. நம் நாட்டிற்கு இம்முறை வருதல் நன்றே. ஆயினும் அதற்கு முன், ஒவ்வொரு புலத்தையும் அளந்து ஒவ்வொரு பங்காளியையும் கேட்டு முடிவு செய்தல் வேண்டும். அது சிறு தொழிலன்று.

அதுவரை ஆராயும் கடமை தாளைக் கொடுப்பவரையும் வாங்குபவரையுமே சாரும். உயிலைப் பற்றி ஒரு சொல். அதனைப் பதிதல் கட்டாயமன்று. பதிய விரும்பின் காலவரையறையும் இல்லை. பதியாது வைக்க விரும்புவார் அதனை உறையிலிட்டு முத்திரை வைத்து, மேலே தம் பெயரெழுதி, மாவட்டப் பதிவாளரிடம் தாமேயோ முகவர் வழியாகவோ ஒப்புவிக்கலாம். அவர் அதனை ஐந்தாம் புத்தகத்திற் குறித்துக்கொண்டு, தீக்கு அழியாத பெட்டியில் வைத்தல் வேண்டுமென 43 ஆம் பிரிவு கூறுகின்றது. எழுதினவர் இறந்தபின் உரியார் விண்ணப்பித்தால், அவர் முன்னிலையில் உறை திறக்கப்பட்டு, அவர் செலவில் மூன்றாம் புத்தகத்திற் பெயர்த்தெழுதப்படும். மூலம் மீண்டும் அப்பெட்டிக்கே செல்லும்.