குமிழைத் திருகினால் கமகம் வருமா?

நம்பிக்கை: சாஃப்ட்வேர் சிந்தசைசரில் வழுக்கலைத் தரும் கிளைடு குமிழை ஏற்றிவிட்டால் கீபோர்டிலும் கமகம் பேசும்.

உண்மை: கமகங்களில் ஜாருவுக்கு மட்டும் கிளைடு ஓரளவு ஈடுகொடுக்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதுதானே ஜாரு. ஆனால் தோடி ராகத்தின் காந்தாரத்தை என்ன செய்வது? அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அசைவுதான் அதன் உருவம். கிளைடோ புதிதாக ஒரு கட்டையை அழுத்தினால்தான் கிளம்பும். ஒரு தடவை நகரும், போய்ச் சேர்ந்ததும் நின்றுவிடும். இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றி அழுத்திச் சமாளிக்கலாம் என்பார்கள். அப்போது அசைவின் அகலம் அந்த இரு கட்டைகளின் இடைவெளியில் மாட்டிக்கொள்ளும். ராகத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிப்பவர்களின் இடது கை பிட்ச் பெண்டு சக்கரத்தை விட்டு நகராதது இதனால்தான். கட்டையைப் பிடித்தபடியே ஸ்வரத்தை அசைக்க அந்தச் சக்கரம் விடுகிறது. மிடி அதற்கு 16,384 படிகளைத் தருகிறது. வழக்கமாக மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம் என்று எல்லை வைத்திருப்பார்கள், அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

நம்பிக்கை: கிளைடு போட்டும் வழுக்கவில்லை, மென்பொருளில்தான் கோளாறு.

உண்மை: பெரும்பாலும் விரலைத்தான் பார்க்க வேண்டும். கிளைடை லெகாட்டோவில் வைத்திருந்தால், முதல் கட்டையை விடுவதற்கு முன்பே அடுத்ததை அழுத்த வேண்டும். பியானோ ரோலில் எழுதுகிறவர்கள் ஒரு நோட்டின் வாலை அடுத்ததன் தலைமேல் சற்றே ஏற்றிவிட வேண்டும். சாஃப்ட்வேர் சிந்தசைசர்களான சீரமில் ‘ஆல்வேஸ்’, வைட்டலில் ‘ஆல்வேஸ் கிளைடு’ என்ற பொத்தானைப் போட்டால் இடைவெளி விட்டாலும் வழுக்கும். நானாக இருந்தால் அதை அணைத்தே வைப்பேன். எது வழுக்க வேண்டும் என்பதை விரல் சொல்லட்டும். ரோலண்டின் டிபி-303 பேஸ் சிந்தசைசர் நினைவிருக்கிறதா? 1981-இல் வந்த அந்தப் பெட்டியில் வழுக்கும் நேரத்தை மாற்றக் குமிழே கிடையாது. எந்தெந்தப் படியில் ஸ்லைடு என்று குறிக்க மட்டுமே முடியும். சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் அந்தச் சின்ன வசதியை வைத்துக்கொண்டே எழுந்தது.

நம்பிக்கை: வழுக்கும் நேரம் கூடக் கூட உருக்கம் கூடும்.

உண்மை: நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் ஒரு பதினாறாம் நோட்டுக்குக் கிடைப்பது 125 மில்லிசெகண்ட். கிளைடை 200-இல் வைத்தால் எந்த ஸ்வரமும் தன் இடத்துக்குப் போய்ச் சேராது. கேட்பவருக்குச் சுருதி விலகலாகத்தான் படும். நீண்ட, நிதானமான வரிகளில் நேரத்தைத் தாராளமாக விடலாம். 1970-இல் வெளிவந்த ‘லக்கி மேன்’ பாடலின் முடிவில் கீத் எமர்சன் மூக் சிந்தசைசரில் வாசித்த தனி அப்படிப்பட்டது. இன்னொன்று: அரைஸ்வரத் தாவலுக்கும் இரண்டு ஸ்தாயித் தாவலுக்கும் ஒரே நேரம் ஆகிறதா, தூரத்துக்கேற்ப நீள்கிறதா என்பதைச் சீரமில் ‘ஸ்கேல்டு’, வைட்டலில் ‘ஆக்டேவ் ஸ்கேல்’ தீர்மானிக்கிறது. தாவல் அகலமான மெட்டுக்கு முதலில் தொட வேண்டிய பொத்தான் இதுதான்.

நம்பிக்கை: பழைய அனலாக் கருவியின் வழுக்கல் மென்பொருளுக்கு வராது.

உண்மை: பழைய கருவிகள் பலவற்றில் மின்னழுத்தம் ஒரு மின்தேக்கியில் ஏறும். அதனால் தொடக்கத்தில் விரைந்து, இலக்கை நெருங்கும்போது மெதுவாகும். அந்த வளைவுதான் காதுக்கு இதமாகப் படுகிறது. சீரமிலும் வைட்டலிலும் கிளைடு நேரத்துக்குப் பக்கத்திலேயே அந்த வளைவை மாற்ற ஒரு வசதி இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை.