சீட்டைக் கொஞ்சம் ஏத்துங்க

பிளஸ் ஒன் படிக்கும் உங்க பிள்ளைக்கு விலையில்லா சைக்கிள் வந்தாச்சா? முதல்ல சீட் உயரத்தைப் பாருங்க. பெடலைக் கீழே தள்ளுவது முன்தொடைத் தசையும் பிட்டத் தசையும்தான். கெண்டைக்கால் தசை கணுக்காலை இறுக்கிப் பிடித்து அந்த விசையைப் பாதத்துக்குக் கடத்துகிறது. கால் தரையில் நல்லா ஊனட்டும் என்று சீட்டை நாமே தாழ்த்திவிடுகிறோம். அப்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். முன்தொடை சீக்கிரம் சோர்ந்துபோகும், முட்டிச்சில்லில் அழுத்தம் கூடும். ‘சைக்கிள் மிதிச்சா முட்டி வலிக்குது’ என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைக்கச் சொல்லுங்க. கால் நேராக நீளணும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். இடுப்பு இருபக்கமும் ஆடினால் சீட் ரொம்ப ஏறிவிட்டது, கொஞ்சம் இறக்குங்க.