சாளையில் ஏறும் நெய் யாருடையது?

"ஒமேகா-3 மீனின் சொந்தச் சரக்கு"

வடசேரிச் சந்தையில் "நெய் ஏறின சாளை, வாங்கிட்டுப் போ மக்கா" என்று மீன்கார அக்கா கூப்பிட்டால் விலை பேசுவேனே தவிர, நெய் எங்கிருந்து ஏறியது என்று கேட்டதில்லை. சாளை அதைப் பெரும்பாலும் தானாகச் செய்வதில்லை, தின்று சேர்க்கிறது. ஆனி, ஆடியில் குளச்சல், முட்டம் பக்கம் கடலின் அடிநீர் மேலே கிளம்பும். அதோடு வரும் சத்தில் நுண்பாசிகள் பெருகும். இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் உருவாவது அங்கேதான். ஃபிராகிலேரியா ஓசியானிக்கா என்ற நுண்பாசி திரண்டால் சாளை வரத்து உண்டு என்று ஆய்வாளர்கள் நாயரும் சுப்ரமணியனும் 1955லேயே எழுதினார்கள். நாமோ நிறம் மாறிய கடலைப் பார்த்து அழுக்கு என்கிறோம்.

"எந்தப் பாசியானாலும் ஒன்றுதான்"

இல்லை. சுருள்பாசி மாத்திரையில் புரதம் நிறைய, டி.எச்.ஏ. இல்லை என்றே சொல்லலாம். டி.எச்.ஏ.வுக்கு ஐசோகிரைசிஸ், இ.பி.ஏ.வுக்கு நானோகுளோராப்சிஸ். தூத்துக்குடியில் 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை வளர்த்தபோது ஊட்டியது ஐசோகிரைசிஸைத்தான்.

"செக்கில் ஆட்டினால் எண்ணெய் வரும்"

தேங்காய்க்குச் சரி. பாசியைச் சுழற்றி வடித்தால் கிடைப்பது ஈரக் களிதான். அதிலிருந்து கொழுப்பைக் குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையில் இறக்கவேண்டும். பிளையும் டயரும் 1959இல் வெளியிட்ட முறை இன்றும் ஆய்வகங்களில் ஓடுகிறது.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். கன்னிப்பூ நெல்வயலில் வீசுகிறோமே, அதே யூரியா இங்கேயும் வருகிறது! கொழுப்பைக் காரத்தோடு காய்ச்சி அமிலங்களைப் பிரித்தபின், சூடான ஆல்கஹாலில் யூரியாவோடு கரைத்து ஆறவிடுவார்கள். யூரியா படிகமாகும்போது, கம்பிபோல் நேராக இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களை உள்ளே பிடித்துக்கொள்ளும். டி.எச்.ஏ.வில் 22 கார்பன், 6 இரட்டைப் பிணைப்பு. வளைந்த அந்த உடம்பு படிகத்துக்குள் அடங்காது. வடிகட்டினால் கீழே இறங்கும் நீர்மத்தில் அது செறிந்து நிற்கும்.

பிறகு மெத்தில் எஸ்டராக்கி, வாயு நிறப்பகுப்புக் கருவியில் ஏற்றுவார்கள். தூய டி.எச்.ஏ.வின் எஸ்டர் வெளியேவந்த அதே நிமிடத்தில் பாசியிலிருந்து பிரித்ததும் வரவேண்டும்.

இத்தனையும் காற்றும் வெளிச்சமும் படாமல் நடக்கவேண்டும். அந்த இரட்டைப் பிணைப்புகளில்தான் ஆக்சிஜன் கைவைக்கும். வெயிலில் மறந்துபோன சாளைக் கருவாடு மஞ்சளித்துக் காறல் வாடை அடிக்குமே, அதுவும் இதே வேலைதான்.