நாற்பதுக்குள் தலை வழுக்கையாகிறதா? ஆண்களுக்குச் சில குறிப்புகள்

கனகசெட்டிக்குளத்தில் தொடங்கி மூர்த்திக்குப்பம் வரை நீளும் புதுச்சேரிக் கடலோரத்தில், முடி கொட்டுவது ஏன் என்று ஆண்களைக் கேட்டால் முதலில் உப்புத் தண்ணீரைத்தான் சொல்வார்கள். அடுத்து ஹெல்மெட். இந்த இரண்டையும் நம்பிக்கொண்டு ஷாம்பு மாற்றி, எண்ணெய் மாற்றி இரண்டு மூன்று வருடம் ஓடிவிடுகிறது. மருந்து நன்றாகக் கேட்கக்கூடிய காலம் அந்த முதல் சில வருடங்கள்தான். அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

1. காசு செலவழிக்கும் முன் எந்த வகை முடி உதிர்வு என்று பாருங்கள். நெற்றிப்பொட்டின் இரு பக்கமும் மேலேறி, உச்சந்தலையில் தோல் தெரியத் தொடங்கினால் அது பரம்பரை வழுக்கை. தலை முழுவதும் பரவலாக, கொத்துக் கொத்தாகக் கொட்டினால் உடம்பு பட்ட அதிர்ச்சி காரணமாக இருக்கலாம். காசு அளவில் வட்டமாக, வழவழவென்று ஓர் இடம் மட்டும் காலியானால் புழுவெட்டு. செதில், சீழ், வலி, தழும்பு இருந்தால் தொற்றோ வேறு தோல் நோயோ இருக்கும். அதற்குத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

2. பரவலாகக் கொட்டுகிறதா? இரண்டு மூன்று மாதம் பின்னால் போய் யோசியுங்கள். டெங்கு, டைஃபாய்டு, கொரோனா, அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது, வீட்டில் ஒரு சாவு என்று ஏதாவது நடந்திருக்கும். காய்ச்சல் விட்டபின் இத்தனை நாள் கழித்துக் கொட்டுவதால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நிற்கும்.

3. தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. சீப்பில் இருப்பதை எண்ணிக் கவலைப்படுவதற்குப் பதில், மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், தலை காய்ந்திருக்கும்போது நெற்றியையும் உச்சியையும் போட்டோ எடுத்து வையுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும் என்பதால் வாரத்துக்கு வாரம் கண்ணாடியைப் பார்ப்பதில் பயனில்லை.

4. உப்பு நீரில் குளித்தால் முடி வறண்டு, சிக்குப் பிடித்து, நடுவில் ஒடியும். ஆனால் அது வேர் வரை போய் வழுக்கையை உண்டாக்காது. ஹெல்மெட்டும் அப்படியே, உள்ளே பருத்தித் துணி கட்டி, அந்தத் துணியை அடிக்கடி துவைத்தால் போதும். ஒரே ஊரில் பலருக்குச் சில நாட்களிலேயே தலை மொட்டையாகும் அளவுக்குக் கொட்டினால் மட்டும் நீரையும் உணவையும் சோதிக்க வேண்டும். 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் புல்தாணா மாவட்டக் கிராமங்களில் அப்படி நடந்தது. முதலில் எல்லோரும் தண்ணீரைத்தான் சந்தேகித்தார்கள். பிறகு, சாப்பிட்ட கோதுமையில் செலினியம் மிகுந்திருந்ததை மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் சுட்டிக்காட்டினார்.

5. பரம்பரை வழுக்கை எப்படி வருகிறது? ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனை உடம்பு டி.எச்.டி. என்ற பொருளாக மாற்றுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் சிலருக்கு இந்த டி.எச்.டி.யைத் தாங்குவதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து பூனைமுடியாகி, கடைசியில் முளைப்பதே நின்றுவிடும். பருவமடையும் முன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் எழுதினார். அவர்களுள் வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஆண் இயக்குநீர் கொடுத்தபோது முடி கொட்டியது. தாய்மாமனை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அப்பா வழியிலும் இது வரும்.

6. பூனைமுடி இருக்கும் இடத்தைத்தான் மருந்தால் மீட்க முடியும். பல வருடமாக எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் இடத்தில் மருந்து தேய்ப்பது வீண்.

7. மொட்டை போட்டால் முடி அடர்ந்து வளராது. கத்தி வேரைத் தொடுவதே இல்லை. வெட்டிய நுனி தடிமனாகத் தெரிவதால் அப்படித் தோன்றுகிறது. மயிலத்தில் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தால் தாராளமாகப் போடுங்கள், வைத்தியமாக வேண்டாம்.

8. தேங்காய் எண்ணெய் நல்லதுதான். முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைக்கும் என்று 2003இல் வெளியான ஆய்வு சொன்னது. உப்பு நீரில் குளிப்பவர்கள் குளிக்கும் முன் தடவினால் ஒடிவது குறையும். ஆனால் எந்த எண்ணெயும் விழுந்த வழுக்கையை நிரப்பாது. பொடுகு இருந்தால் எண்ணெயை நிறுத்திவிட்டு, கீட்டோகொனசோல் 2% ஷாம்புவை வாரம் இருமுறை போட்டு, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள்.

9. சின்ன வெங்காயச் சாறு தேய்ப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் நடத்திய சிறிய ஆய்வில் வெங்காயச் சாறு பலருக்குப் பயன் தந்தது. ஆனால் அது புழுவெட்டுக்குச் செய்த ஆய்வு; பரம்பரை வழுக்கைக்கு அதைப் பொருத்திப் பேசக் கூடாது. எரிச்சலோ கொப்புளமோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

10. மினாக்சிடில் முதலில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்கா 1988இல் அனுமதித்தது. ஆண்களுக்குப் பொதுவாக 5% கரைசல், காலையும் மாலையும் 1 மி.லி. காய்ந்த தலையில் வகிடு பிரித்துத் தோலில் படும்படி விட வேண்டும். முடியில் ஊற்றினால் வீண். முதல் சில வாரங்களில் முன்பைவிட அதிகமாகக் கொட்டும். அது பழைய முடி வெளியேறுவது. பயந்துபோய் அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் பலர். நான்கு முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். பலன் கிடைத்தாலும் நிறுத்தினால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். எனவே ஒரு பாட்டில் விலையை வருடக் கணக்காகப் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம். தலையணையில் ஒட்டியதை நக்கினாலே அதன் உயிருக்கு ஆபத்து.

11. ஃபினாஸ்டெரைடு 1 மி.கி. மாத்திரை டி.எச்.டி. உண்டாவதைத் தடுக்கிறது. இதை மருந்துச் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடவே கூடாது. சிலருக்குப் பாலுறவு ஆசை குறையும், விறைப்பு குறையும், மனம் சோர்ந்துபோகும். தெரிந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிற்றில் பிள்ளையுள்ள பெண் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது, ஆண் சிசுவைப் பாதிக்கும். கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் ரத்ததானமும் கூடாது. பிராஸ்டேட் புற்றுக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனையில் அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், ஐம்பதை நெருங்குபவர்கள் பரிசோதனைக்கு முன் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

12. முடி வளரும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் தெரிவியுங்கள். தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனை முடிவுகளை அது தவறாகக் காட்டக்கூடும்.

13. 'வழுக்கையில் முடி முளைக்கும், உத்தரவாதம்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணையில் வழுக்கையும் இருக்கிறது. அதில் உள்ள நோய்களைக் குணமாக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ள முடியாது.

14. காலாப்பட்டு வட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் பிம்ஸ் மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர். தோல் பிரிவுக்குப் போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். எடுத்து வைத்த போட்டோக்களும், சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டையும் கையில் இருக்கட்டும்.

15. முடி நடுவது அறுவை சிகிச்சை. அதை அழகு நிலையத்தில் செய்துகொள்ளக் கூடாது. 2016 மே மாதம் சென்னையில் அப்படி ஓரிடத்தில் முடி நட்டுக்கொண்ட இளம் மருத்துவ மாணவர் ஒருவர் இரண்டு நாளில் இறந்துபோனார். முறையாகப் பயின்ற, பதிவுபெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் நெறிமுறை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுப்பது யார், அவசரம் என்றால் என்ன வசதி உண்டு என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

16. உச்சியில் சீக்கிரம் வழுக்கை விழுந்தவர்களுக்கு இதய நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வழுக்கை இதயத்தைக் கெடுக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஆனாலும் தலைக்காக மருத்துவரிடம் போகும்போதே ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள்.

17. சிகிச்சையே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் நியாயமான முடிவுதான். படகில் போகிறவர்களும் வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களும் வெறுந்தலையோடு இருக்காமல் தொப்பியோ துண்டோ கட்டிக்கொள்ளுங்கள். உச்சந்தலையில் ஒரு புண் மூன்று நான்கு வாரமாகியும் ஆறவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.