இசைத்தட்டைப் பதியும் முன் மேஜையைக் கவனியுங்கள்

வீட்டில் பழைய எல்.பி. இசைத்தட்டுகள் இருந்தால், கம்ப்யூட்டர் வாங்கியவுடன் அவற்றை அதில் பதிந்து வைக்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான். அப்பா சேர்த்து வைத்த கச்சேரித் தட்டுகள் அலமாரியில் இருந்தன. டர்ன்டேபிளைக் கம்ப்யூட்டர் மேஜையிலேயே, சி.பி.யு.வுக்குப் பக்கத்தில் வைத்தேன். போனோ ப்ரீஆம்ப் வழியாக லைன்-இன் துளையில் இணைத்தேன். (மைக் துளையில் செருகாதீர்கள், ஒலி சிதையும். லைன்-இன் இல்லாத கம்ப்யூட்டர் என்றால் யு.எஸ்.பி. ஆடியோ சாதனம் ஒன்று வேண்டும்.) இலவச புரோகிராமான ஆடாசிட்டியில் பதிந்து ஹெட்போனில் கேட்டபோது, தம்புராவுக்கு அடியில் இன்னொரு "ம்ம்ம்" கேட்டது.

இரைச்சலை நீக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் வசதி ஆடாசிட்டியிலேயே உண்டு. போட்டுப் பார்த்தேன். இரைச்சல் குறைந்தது. ஆனால் தம்புராவின் ரீங்காரத்தையும் அது கொஞ்சம் தின்றுவிட்டது. வேண்டாத ஒலி பாட்டோடு கலந்த பின் பிரிப்பது கடினம். அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம் என முடிவு செய்தேன்.

இசைத்தட்டின் ஊசி, தட்டுக்கும் தனக்கும் இடையே உள்ள அசைவை மின்சாரமாக மாற்றுகிறது. அந்த அசைவு பாட்டால் வந்ததா, மேஜை அதிர்ந்ததால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. மேலும், தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துத்தான் வெட்டுகிறார்கள். ப்ரீஆம்ப் அதை ஈடுகட்ட, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை விட 20 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 9 மடங்கு பெரிதாக்குகிறது. மேஜை அதிர்வும் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிதான். அதுவும் சேர்ந்து பெரிதாகிறது.

நான் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். வேண்டாத தட்டு ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். டர்ன்டேபிள் மோட்டாரை நிறுத்தி விடுங்கள். முதலில் ஊசியைத் தூக்கி வைத்தபடி 30 விநாடி பதியுங்கள். பிறகு, நின்றிருக்கும் தட்டின் மேல் ஊசியை மெதுவாக இறக்கி இன்னொரு 30 விநாடி பதியுங்கள். ரெக்கார்டிங் அளவை இடையில் மாற்றக் கூடாது. ஊசி இருக்கும்போது தட்டைக் கையால் நகர்த்தவும் கூடாது. இப்போது ஒவ்வொரு பதிவையும் செலக்ட் செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வரும் விண்டோவில் சைஸ் என்ற இடத்தில் 16384 என அமையுங்கள். எண் சிறியதாக இருந்தால் பக்கத்துப் பக்கத்து ஒலிகள் ஒரே மேடாகத் தெரியும்.

முதல் பதிவில் 50, 100 ஹெர்ட்ஸில் மேடுகள் இருந்தன. இது மின்சாரத்தின் ஹம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் மடங்குகளில்தான் வரும். இரண்டாவது பதிவில் இவற்றோடு 120 ஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான மேடு, மைனஸ் 58 டெசிபலில். ஊசி இறங்கினால்தான் வருகிறது. எனவே இது அதிர்வு. 120-ஐ 60-ஆல் பெருக்கினால் 7,200. என் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது! பாட்டைப் பதியும் கம்ப்யூட்டரே அதில் தன் குரலையும் சேர்த்திருக்கிறது. (மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக உள்ள அமெரிக்காவில் இருந்திருந்தால் இதையும் ஹம் என்றே நினைத்து ஏமாந்திருப்பேன்.) எஸ்.எஸ்.டி. உள்ள கம்ப்யூட்டர்களில் சுற்றும் தட்டு கிடையாது. ஆனால் அவற்றிலும் பெரும்பாலும் விசிறி உண்டு.

சி.பி.யு.வைத் தரையில் இறக்கியதும் மேடு மைனஸ் 74-க்கு இறங்கியது. மீதிக்கு டர்ன்டேபிள் அடியில் ஸ்பாஞ்ச் வைத்தேன். 120 ஹெர்ட்ஸ் இன்னும் குறைந்தது. ஆனால் அறையில் யாராவது நடந்தால் அலைவடிவம் முன்பை விட மோசமாகத் தள்ளாடியது.

காரணம் ஒரு சிறு கணக்கில் இருக்கிறது. எடை வைத்ததும் மெத்தை எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று பாருங்கள். 16-ஐ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், மெத்தை தானாக ஆடும் வேகம் ஏறக்குறைய ஹெர்ட்ஸில் கிடைக்கும். ஸ்பாஞ்ச், ரப்பரில் உண்மையான வேகம் இதை விடச் சற்று அதிகம். இந்த வேகத்தைப் போல் 1.4 மடங்குக்கு மேல் உள்ள அதிர்வைத்தான் மெத்தை தடுக்கும். அந்த வேகத்திலேயே வரும் அதிர்வைப் பெரிதாக்கி விடும். என் ஸ்பாஞ்ச் 4 மி.மீ. அமுங்கியது, அதாவது 8 ஹெர்ட்ஸ், அல்லது சற்று மேல். ஊசி பொருத்திய கைக்கும் சொந்த ஆட்டம் உண்டு. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும்படிதான் வழக்கமாக அமைப்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று ஊஞ்சல் தள்ளுவது போலத் தள்ளின. விலை உயர்ந்த ரப்பர் பாதங்கள் வாங்குபவர்களும் இதைக் கேட்பதில்லை என்பது என் வருத்தம்.

கடைசியில் கைகொடுத்தது குழந்தைகள் சைக்கிளின் 12 அங்குல டியூப். பாதி காற்று அடித்து மேஜையில் வைத்தேன். அதன் மேல் ஒன்றரை அடி அளவில் கடப்பா கல், சுமார் 10 கிலோ. அதற்கும் மேல் டர்ன்டேபிள். கையால் அமுக்கி விட்டால் விநாடிக்கு நாலு முறை போல மெதுவாக ஆடி அடங்கியது. காற்று அதிகமானால் டியூப் கெட்டியாகி வேகம் கூடும்; கல் மேஜையைத் தொடாத அளவு இருந்தால் போதும். ரசமட்டம் வைத்துச் சமம் பாருங்கள். காற்று இறங்கும் என்பதால் பதியும் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். ஒயர்கள் தளர்வாகத் தொங்கட்டும். விறைப்பாக இருந்தால் அதிர்வு அவற்றின் வழியாகவே ஏறிவிடும்.

மறுபடி சோதித்தபோது 120 ஹெர்ட்ஸ் மேடு மற்ற இரைச்சலோடு மறைந்து போயிருந்தது. 50 ஹெர்ட்ஸ் அப்படியே நின்றது. டியூப் அதற்கு மருந்தல்ல. டர்ன்டேபிளிலிருந்து வரும் எர்த் ஒயரை ப்ரீஆம்பின் திருகில் இறுக்கியதும் அதுவும் பெருமளவு அடங்கியது.

பதியும்போது ஸ்பீக்கரை அணைத்து ஹெட்போனில் கேளுங்கள். ஸ்பீக்கர் ஒலியே தட்டை அதிர வைக்கும். பதிந்த பின் எபெக்ட் மெனுவில் ஹை-பாஸ் பில்டரை 20 ஹெர்ட்ஸில் போட்டால் மிச்சமுள்ள தள்ளாட்டம் போய்விடும். அதை 120-க்கு மேல் ஏற்றி ஹார்ட் டிஸ்க் ஒலியையும் வெட்டலாமே என்று நினைக்காதீர்கள். பாடகரின் கீழ் ஸ்வரங்களும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும் அங்கேதான் இருக்கின்றன.