பரிகாரியாகிய கர்த்தரும் மாராவின் தண்ணீரும்

வேத பகுதி: யாத்திராகமம் 15:22-27, 2 இராஜாக்கள் 2:19-22

கர்த்தருக்குள் அன்பான பங்காளர்களே,



மிஷன் மருத்துவமனைகளின் சுவர்களில் நாம் அடிக்கடி காணும் வசனம் ஒன்று உண்டு. கர்த்தரைப் பரிகாரி என்று அழைக்கும் யாத்திராகமம் 15:26 அது. எங்கள் வெளிநோயாளர் பிரிவிலும் அது பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது. காலை ஜெபத்தில் அதை வைத்து நான் எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் அந்த வசனம் எந்த இடத்தில், எதன் அருகே நின்று சொல்லப்பட்டது என்பதை ஊழியத்தில் பல ஆண்டுகள் வரை நான் யோசித்ததே இல்லை. யோசிக்கச் செய்தவர் ஒரு கிராமத்துத் தாய்.

1990களின் நடுப்பகுதி அது. மதுரைக்குக் கிழக்கே, கண்மாய்க் கரையிலுள்ள ஊர் ஒன்றிலிருந்து அந்தத் தாய் தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடுமையான வயிற்றுப்போக்கு. ஐந்தாம் நாள் பிள்ளை சுகமாகி வீடு திரும்பினாள். இரண்டே மாதத்தில் அதே வியாதியோடு திரும்பி வந்தாள். மூன்றாம் முறை வந்தபோது கண்கள் குழிவிழுந்து, பேச்சற்றுக் கிடந்தாள். இரவெல்லாம் குளுக்கோஸ் ஏறியது. கர்த்தர் இரங்கினார், விடியற்காலையில் பிள்ளை தண்ணீர் கேட்டாள். நான் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தேன். அதைப் பொறுமையாகக் கேட்டு முடித்த தாய் சொன்னார்: "ஐயா, உங்க மருந்து நல்ல மருந்துதான். ஆனா வீட்டுக்குப் போனா அதே தண்ணியத்தானே இவ குடிக்கணும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை வேதத்தை எடுத்து, சுவரில் இருக்கும் அந்த வசனத்தின் அதிகாரத்தை முன்னும் பின்னும் வாசித்தேன்.

1. சுகமாக்கப்பட்டது தண்ணீர்

செங்கடலைக் கடந்த ஜனங்கள் மூன்று நாள் வனாந்தரத்தில் தண்ணீரின்றி நடந்தார்கள். மாராவில் தண்ணீரைக் கண்டார்கள். கசப்பாயிருந்தபடியால் அதைக் குடிக்க முடியவில்லை. கர்த்தர் மோசேக்கு ஒரு மரத்தைக் காட்டினார். அதைப் போட்டபின் தண்ணீர் குடிக்கத் தக்கதாயிற்று. அதற்குப் பிறகுதான், அதே இடத்தில், கர்த்தர் தம்மைப் பரிகாரி என்று வெளிப்படுத்துகிறார். மாராவில் பாயில் கிடந்த வியாதியஸ்தர் ஒருவரைப் பற்றியும் சொல்லப்படவில்லை. அங்கே குணமானது தண்ணீர். எகிப்தின் வியாதிகள் வராது என்று அந்த வசனம் சொல்லும்போது, எகிப்தின் வாதைகளில் முதலாவது நதித் தண்ணீர் கெட்டுப்போனதே என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

எலிசாவின் காலத்து எரிகோவிலும் இதையே காண்கிறோம். பட்டணம் குடியிருப்புக்கு நல்லது, தண்ணீரோ கெட்டது, நிலமும் பாழ். தீர்க்கதரிசி அந்தத் தண்ணீரைச் சுகமாக்கியதைச் சொல்லும் எபிரெயச் சொல்லும், மாராவில் பரிகாரி என்று மொழிபெயர்க்கப்பட்ட சொல்லும் 'ரபா' என்னும் ஒரே வேரிலிருந்து வருபவை. மனுஷனைச் சுகப்படுத்துவதற்கு ஒரு சொல், தண்ணீரைச் சுத்தப்படுத்துவதற்கு வேறொரு சொல் என்று வேதம் இங்கே பிரிக்கவில்லை. எலிசா வீடு வீடாகச் சென்று குடங்களில் உப்புப் போடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஊற்று இருக்கும் இடத்திற்கே போனார்.

2. ஒரு மருத்துவர் கற்ற பாடம்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்த டாக்டர் பால் பிராண்ட் அவர்களை நம்மில் பலர் அறிவோம். அவர் 1914இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒரு பிடி சேற்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. சிறுவனாயிருந்தபோது மற்றப் பிள்ளைகளோடு மலையின் படிவயலில் தவளை பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாராம். அவர்கள் மிதித்ததில் கலங்கிய தண்ணீர் வரப்பைத் தாண்டிக் கீழே ஓடியது. அங்கு வந்த முதியவர் ஒருவர் கைநிறையச் சேற்றை அள்ளிக் காட்டி, இந்த மண் தன் முன்னோருக்குச் சோறு போட்டது, பேரப்பிள்ளைகளுக்கும் போட வேண்டியது, வரப்பைத் தாண்டிப் போனால் திரும்பி வராது என்று விளக்கினாராம்.

அந்தப் பாடம் பிராண்ட் அவர்களை விட்டு நீங்கவில்லை. மண்ணையும் நீரையும் காக்கும் காரியத்தில் அரசுகளின் மனதை மாற்ற முடியுமானால் மருத்துவத்தையே விட்டுவிடச் சம்மதம் என்று எழுதினார். மருந்தும் அறுவைத் திறமையும் இல்லாமல் உலகம் சாகுமுன், நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் இல்லாமல் செத்துப்போகும் என்பது அவருடைய எண்ணம். சொன்னவர் தம் ஆயுளை மருத்துவத்திற்கே கொடுத்தவர். 2003இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

3. நமது கண்மாய்கள்

கொல்லிமலை நமக்குத் தூரம். மதுரைச் சமவெளியிலோ அந்த முதியவரின் வரப்பு வேலையைச் செய்தவை கண்மாய்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மழையில் வயலிலிருந்து அடித்துவரும் வண்டல் கண்மாயில் படியும். கோடையில் ஊரார் அதை வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கே திருப்பிக் கொண்டுபோவார்கள். கண்மாய் ஆழமாகும், வயல் உரம் பெறும். குடிமராமத்து என்று நம் முன்னோர் செய்தது இதுவே.

அந்தப் பழக்கம் தேய்ந்தது. வண்டல் மேடிட்டது, சீமைக்கருவேல் மண்டியது, வரத்துக்கால்களில் வீடுகள் எழுந்தன, சாக்கடை வந்து கலந்தது. உலகனேரி என்ற பெயரில் ஏரி இருக்கிறது. அங்கே இன்று நிற்பவை 2004இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளையின் கட்டடங்கள். 2024 அக்டோபரில் சில மணி நேரம் பெய்த கனமழையில் செல்லூர்ப் பகுதியின் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் அறிவோம். போக வழியில்லாத தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. வடிந்தபின் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வார்டுக்கு வருகின்றன. வார்டுக்கு வருகிறவர்களில் அதிகமானோர் பள்ளமான இடத்தில் குடியிருக்கும் ஏழைகளே.

4. ஊற்றண்டைக்குப் போனபோது

இதை எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆயினும் பங்காளர்களுக்கு மறைக்கலாகாது. அந்தத் தாயின் கேள்விக்குப் பிறகு, நர்ஸ் ஒருவரும் பொறியாளரான சபை மூப்பர் ஒருவரும் நானும் அந்த ஊர்க் கண்மாயில் சேரும் வாய்க்காலை எதிர்த்திசையில் பிடித்து நடந்தோம். அது பல இடங்களிலிருந்து வரும் கழிவுநீரைச் சுமந்து வந்தது. அவற்றுள் ஒன்று எங்கள் மருத்துவமனையின் பின்மதிலிலுள்ள ஒரு துவாரத்திலிருந்து வந்தது. வார்டு கழுவிய தண்ணீரும் சலவைக்கூடத்துத் தண்ணீரும் அதன் வழியே போய்க்கொண்டிருந்தன. முன்வாசலில் பரிகாரியாகிய கர்த்தர் என்று எழுதிவைத்துவிட்டு, பின்வாசலில் மாராவை உண்டாக்கிக்கொண்டிருந்தோம்.

எசேக்கியேல் 34:18ஐ அன்று நான் புதிதாக வாசித்தேன். தெளிந்த நீரைத் தாங்கள் குடித்துவிட்டு, மீதியைக் காலால் கலக்குகிற ஆடுகளைக் கர்த்தர் அங்கே கடிந்துகொள்கிறார்.

நிர்வாகக் குழு அந்தத் துவாரத்தை அடைத்துச் சுத்திகரிப்புத் தொட்டி கட்டி முடிக்க நான்கு ஆண்டுகளாயின. புதிய வார்டுக்குக் காணிக்கை கொடுக்க அநேகர் வந்தார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குக் கொடுக்க முன்வந்தவர் சிலரே. தொட்டியின்மேல் பெயர்ப் பலகை வைக்க இடமில்லையே! அந்தச் சிலருக்காக இன்றும் தேவனைத் துதிக்கிறேன். மருத்துவக் கழிவுகளைப் பின்புறக் குழியில் எரிக்கும் வழக்கமும் எங்களிடம் இருந்தது. 1998இல் மத்திய அரசின் விதிகள் வந்த பின்னரே அதை விட்டோம். பிளாஸ்டிக் எரியும் புகையில் டையாக்சின் என்னும் கொடிய நச்சு உண்டு என்பது அதற்கு முன் எங்களுக்குத் தெரியாது. இப்பொழுது 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எனப் பிரித்து அனுப்புகிறோம்.

அன்பானவர்களே, ஆதியாகமம் 2:15இல் ஆதாம் பெற்ற வேலை தோட்டத்தைப் பண்படுத்துவதும் காப்பதும். எண்ணாகமம் 6:24இல் ஆசாரியன் கூறும் ஆசீர்வாதத்தில் கர்த்தர் நம்மைக் காப்பதற்கு வரும் எபிரெயச் சொல்லே தோட்டத்தைக் காப்பதற்கும் வருகிறது. ஒவ்வொரு ஆராதனையின் முடிவிலும் அந்தக் காவலைப் பெற்று வீடு திரும்புகிற நாம், மண்ணுக்கும் தண்ணீருக்கும் அதையே கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சிந்திக்க:

1. உங்கள் வீட்டிலும் ஆலய வளாகத்திலும் இருந்து வெளியேறும் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது? ஒரு முறை நடந்து பார்த்தீர்களா?

2. அசனப் பண்டிகையிலும் திருமண விருந்திலும் நாம் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் எந்தக் கண்மாயில் ஒதுங்குகிறது?

3. பெயர்ப் பலகை வைக்க முடியாத ஒரு நற்காரியத்திற்குக் கொடுக்க நாம் ஆயத்தமா?

ஜெபம்: பரிகாரியாகிய கர்த்தாவே, நாங்கள் கசப்பாக்கின தண்ணீர்களை எங்களுக்குக் காண்பியும். அவற்றைக் குணமாக்கும் வேலையில் எங்கள் கைகளையும் காணிக்கைகளையும் ஏற்றுக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைச் சாப்ளின்