பூட்டிய வீடுகள்

புதுவை நகரின் பழந்தமிழ் இல்லங்களுக்கு அணியாய் விளங்குவன மூன்று: தெருவை நோக்கிய தாழ்வாரம், வழிப்போக்கர் இளைப்பாறும் திண்ணை, காற்றும் ஒளியும் நல்கும் முற்றம். ஆயினும், உரியவர் அயல்நாடு சென்றமையாலும், உடன்பிறந்தாரிடையே பாகம் தீராமையாலும் அவற்றுட் பல பூட்டிக் கிடக்கலாயின.

ஆளில்லா வீட்டிற்கு மழையே முதற்பகை. தளத்தின் வெடிப்பில் இறங்கும் நீர் உத்தரத்தை இற்றுப்போகச் செய்யும். அரசங்கன்று வேரூன்றிச் சுவரைப் பிளக்கும். பேணாவிடின் பெருமாளிகையும் நில்லாது. கடற்கரையில் நகராட்சி மன்றமாய் விளங்கிய ‘மேரி’ என்னும் பழங்கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. பின்னர் அதே வடிவில் புதுக் கட்டடம் எழுந்தது, பழையது மீளவில்லை.

வீழுமுன் காப்பதே அறிவுடைமை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவி கொண்டு ‘இன்டாக்’ என்னும் மரபுக் காப்பமைப்பு வைசியாள் வீதி இல்லங்களின் முகப்புகளைச் சீர்செய்தது. வீட்டுக்காரரும் செலவில் ஒரு பங்கை ஏற்றனர். ஆதலின் அப்பணி பிறர் பணியாகாது தம் பணியாயிற்று. 2008இல் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வீதிக்குப் பரிசளித்துப் பாராட்டியது.

மாணவர்களே! வீடு ஒருவர்க்கு உரியது. வீதியோ ஊரார் அனைவர்க்கும் உரியது. உரியவரும் ஊரும் கைகோத்தால், பூட்டிய கதவும் திறக்கும்.